படத்தைத் தொடுவது எது என்று கேளுங்கள்

ஐயா, வணக்கம். மத்திய ரயில்வேயில் வேலை பார்த்த என் அப்பா போன வருடம் தவறிவிட்டார். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அவரே எடுத்து, ராத்திரியில் சமையலறையை இருட்டாக்கி அவரே பிரிண்ட் போட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. அதில் ஆறு படங்களைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்ட ஆசை. பெரியது 12க்கு 15 அங்குலம். கூடவே என் மகள் செவ்ரி சதுப்பில் எடுத்த ஃபிளமிங்கோ படம் ஒன்று. 16க்கு 24, பருத்திக் காகிதத்தில் இங்க்ஜெட் பிரிண்ட். ஒரு கடையில் படத்துக்கு 1,100 ரூபாய் சொன்னார்கள், இன்னொரு கடையில் 4,800. காட்டிய சாம்பிள் இரண்டும் பார்க்க ஒரே மாதிரி. வித்தியாசம் உண்மைதானா? தேக்கா, சிந்தெடிக்கா? எந்தக் கண்ணாடி? ஹாலில் மேற்குச் சுவர்தான் காலியாக இருக்கிறது, அதில் மாட்டலாமா? அம்மா தினமும் அப்பா படத்துக்குப் பொட்டு வைத்து மாலை போடுகிறார், அதனால் ஏதும் ஆகுமா? கடைசியாக, அப்பா அம்மாவின் 1964 கல்யாணப் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கிறது. அதை எப்படிப் பிரிப்பது?
செம்பூர் வாசகி, மும்பை

வணக்கம் அம்மா.

கடைசிக் கேள்வியில் இருந்து தொடங்குகிறேன், அவசரம் அதில்தான் இருக்கிறது. கல்யாணப் படத்தைக் கண்ணாடியில் இருந்து பிரிக்க முயற்சி செய்யாதீர்கள். ஓரத்தில் பிளேடு விட்டுப் பார்ப்பது, ஹேர் டிரையரில் சூடு காட்டுவது, தண்ணீரில் ஊறப் போடுவது, எதுவும் வேண்டாம். எந்தக் கடைக்காரராவது "அஞ்சு நிமிஷத்துல எடுத்துத் தர்றேன்" என்று சொன்னால் படத்தைக் கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஏன் ஒட்டியது என்று தெரிந்துகொண்டால் மற்ற கேள்விகளுக்கும் பாதி பதில் கிடைத்துவிடும். அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படத்தில் நாம் பார்க்கிற முகம் காகிதத்தில் இல்லை. காகிதத்தின் மேல் பூசிய ஜெலட்டின் படலத்துக்குள் நுண்ணிய வெள்ளித் துகள்களாக இருக்கிறது. ஜெலட்டின் மாட்டு எலும்பில் இருந்தும் தோலில் இருந்தும் எடுப்பது. காற்றில் ஈரம் ஏறினால் உப்பிப் பசை மாதிரி ஆகிவிடும். காற்று காய்ந்தால் இறுகிவிடும். கண்ணாடியில் நேராக அழுத்தி வைத்த படம் ஒவ்வொரு மழைக்காலத்திலும் கொஞ்சம் இளகி, ஒவ்வொரு குளிர்காலத்திலும் கொஞ்சம் இறுகி, கடைசியில் கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறது. இப்போது இழுத்தால் காகிதம் கையோடு வரும், முகம் கண்ணாடியில் தங்கிவிடும்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். சட்டத்தைச் சுவரில் இருந்து இறக்கி, உலர்ந்த அறையில் மேசை மேல் படுக்கை வாட்டில் வையுங்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஒரு நல்ல நகல் எடுத்துவிடுங்கள். உங்கள் மகளுக்கு இது கைவந்த வேலையாக இருக்கும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும், கேமராவுக்குப் பின்னால் ஒருவர் கறுப்புத் துணியை விரித்துப் பிடித்தால் கண்ணாடியில் எதிரொளிப்பு தெரியாது. அதன் பிறகு அசலைக் காகிதப் பாதுகாப்பு வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். கோட்டைப் பகுதியில் உள்ள சத்ரபதி சிவாஜி மகாராஜ் வஸ்து சங்கிரஹாலயா அருங்காட்சியகத்தில் கலைப்பொருள் பாதுகாப்புக்கென்றே ஒரு கூடம் இருக்கிறது. அங்கே விசாரித்துத் தொடங்கலாம். அவர்கள் "பிரிக்க வேண்டாம், இப்படியே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னாலும் அது நல்ல பதில்தான். நகல் கையில் இருக்கிறதே.

எங்கள் படச் சட்டக் கடை முதலில் தாராவி 90 அடி சாலையில் இருந்தது. என் அப்பா திருநெல்வேலியில் இருந்து வந்து, சாமி படங்களுக்குச் சட்டம் போட்டுப் பிழைப்பைத் தொடங்கியவர். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது உங்களுக்கும் நினைவிருக்கும். அடுத்த ஒரு மாதம் குர்லா, கலினா, சயான் என்று எல்லாப் பக்கமிருந்தும் சகதி படிந்த சட்டங்களைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் வந்தார்கள். டிவி போனதைப் பற்றி யாரும் பேசவில்லை. "எங்க அம்மாவுக்கு இருக்குறது இந்த ஒரு போட்டோதான்" என்றுதான் சொன்னார்கள். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அட்டை வைத்துப் போட்டிருந்த சட்டங்களைத் திறந்தபோது அட்டை நாசமாகியிருந்தது, படம் பெரும்பாலும் தப்பியிருந்தது. மல்லாக்கப் போட்டு நிழலில் உலர்த்தினோம். கண்ணாடியில் நேராக அழுத்திப் போட்டிருந்தவை ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. அப்படி வராமல் போனதில் பாதி நாங்களே அந்த முறையில் போட்டுக் கொடுத்தவை. அட்டைக்கு ஆகும் காசை மிச்சம் பிடிப்பதாக நினைத்து வாடிக்கையாளர் வேண்டாம் என்பார், நாங்களும் சரி என்று விட்டுவிடுவோம். அந்த மாதத்துக்குப் பிறகு எங்கள் கடையில் ஒரு படம்கூடக் கண்ணாடியைத் தொட்டபடி சட்டத்துக்குள் போனதில்லை.

இனி விலைக்கு வருவோம். 1,100க்கும் 4,800க்கும் உள்ள வித்தியாசம் உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். சாம்பிளை முன்னால் இருந்து பார்த்தால் தெரியாது. 4,800 சொல்கிறவர் நல்ல பட்டி, அதாவது படத்தைச் சுற்றி வெளியே தெரியும் சட்ட விளிம்பு, போட்டு, உள்ளே அதே பழைய ஹார்ட்போர்டை வைத்து ஆணி அடிக்கிறவராக இருக்கலாம். இரண்டு கடையிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "என் படத்தைத் தொடப்போவது எது?" முன்னால் எது தொடும், பின்னால் எது தொடும், படத்தைப் பிடித்து நிறுத்துவது எது. பட்டி படத்தைத் தொடுவதில்லை. அது சுவருக்கும் கண்ணுக்கும் உள்ள உறவு. இந்த மூன்றும்தான் படத்தோடு இருபது முப்பது வருடம் குடித்தனம் நடத்தப்போகிறவை.

முன்னால் தொடுவது மவுண்ட், அதாவது நடுவில் ஜன்னல் வெட்டிய அட்டை. சாதாரண மவுண்ட் மரக்கூழில் செய்வது. மரக்கூழில் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது, அது நாளாவட்டத்தில் அமிலமாக மாறும். பழைய செய்தித்தாள் பழுப்பாவதும் இதனால்தான். அந்த அமிலம் படத்துக்குள் இறங்கி, ஜன்னல் ஓரத்தை ஒட்டிப் பழுப்புக் கோடு போடும். "ஆசிட் ஃப்ரீ போர்டு" என்று கடையில் சொல்வார்கள், அதோடு நிறுத்திவிடாதீர்கள். மரக்கூழிலேயே சுண்ணாம்புத் தன்மையுள்ள கால்சியம் கார்பனேட் கலந்து அமிலத்தைக் கொஞ்ச காலத்துக்கு அடக்கி வைத்தாலும் அந்தப் பெயரில் விற்கலாம். அமிலம் சோதிக்கும் பேனாவால் கோடு போட்டு ஊதா நிறம் வருகிறது பாருங்கள் என்று காட்டுவார்கள். அந்தக் கோடு இன்றைக்கு அமிலம் இல்லை என்று மட்டும்தான் சொல்லும், நாளைக்கு லிக்னின் என்ன செய்யும் என்று சொல்லாது. நீங்கள் கேட்க வேண்டியது நூறு சதவீதம் பருத்தி மவுண்ட், கடையில் "காட்டன் ரேக்" என்பார்கள். புகைப்படத்துக்கு ஏற்ற பொருளா என்று சோதிக்க ஐஎஸ்ஓ 18916 என்ற தரமுறை இருக்கிறது. அதில் தேறிய போர்டு என்று அட்டைக் கம்பெனியின் கையேட்டில் போட்டிருந்தால் இன்னும் நல்லது.

கடைக்காரரைச் சங்கடப்படுத்தாமல் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். ஜன்னல் வெட்டியபோது விழுந்த துண்டுகள் எல்லாக் கடையிலும் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். பழையதாக ஒன்றை எடுத்து, சரிவாக வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். ஓரம் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் அந்த அட்டை உங்கள் அப்பாவின் படத்துக்கு வேண்டாம்.

பின்னால் தொடுவது விஷயத்தில்தான் மும்பைக் கடைகளில் அதிகம் தவறுகிறார்கள். ஹார்ட்போர்டு, பிளைவுட், மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் மூன்றும் அமில ஆவியை விடும். ஒரு வீட்டில் பழைய படத்தைத் திறந்தபோது பின்பலகை மரத்தின் வளையங்கள் அப்படியே படத்தின் முதுகில் பழுப்பாகப் பதிந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். இப்போது பிரிண்ட் போடுகிற இடங்களில் படத்தைச் சன்போர்டில் ஒட்டித் தருகிறார்கள். சன்போர்டு பிவிசி என்ற பிளாஸ்டிக். காலம் போகப் போகக் குளோரின் சேர்ந்த ஆவி வரக்கூடியது. கண்காட்சிக்கு ஒரு வாரம் வைக்க வசதி, வீட்டுச் சுவரில் முப்பது வருடம் வைக்க ஆகாது. அதோடு, ஒட்டிவிட்டால் பிரிக்க முடியாது. உங்கள் படத்துக்குப் பின்னால் முதலில் இன்னொரு பருத்தி மவுண்ட், அதற்குப் பின்னால் பாலிப்ரொப்பிலீன் நெளிவுத் தகடு போடச் சொல்லுங்கள். கடையில் "சன்பேக் ஷீட்" என்று சொன்னால் எடுத்துத் தருவார்கள், தேர்தல் பேனர்களுக்குப் போடுகிற அதே வகைத் தகடு. விலை குறைவு, தண்ணீர் உள்ளே விடாது.

மூன்றாவது, பிடித்து நிறுத்துவது. செல்லோ டேப், டபுள் சைடு டேப், பிரௌன் டேப் எதுவும் படத்தின் மேல் படக் கூடாது. டேப்பின் பசை சில வருடங்களில் காகிதத்துக்குள் இறங்கி எண்ணெய்க் கறை போல நிற்கும், பிறகு எந்த வித்தையாலும் போகாது. அப்பாவின் படங்களுக்குப் பாலியெஸ்டர் மூலைகள் போதும். ஆல்பத்தில் வைப்போமே, அந்த மாதிரி நாலு மூலைக்கும் ஒளி ஊடுருவும் மடிப்பு. பசை மூலையின் பின்பக்கம் அட்டையில் ஒட்டும், படத்தில் ஒட்டாது. என்றைக்கு வேண்டுமானாலும் படத்தை உருவி எடுத்துக்கொள்ளலாம்.

மகளின் படத்துக்கு முறை வேறு. பருத்திக் காகிதம் ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். 24 அங்குல நீளத்தில் இந்த அசைவு கண்ணுக்கே தெரியும். நாலு ஓரத்தையும் டேப் போட்டு இறுக்கிவிட்டால் விரிகிற காகிதத்துக்குப் போக இடமில்லாமல் நடுவில் அலை அலையாக எழும்பும். அதனால் மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடத்தில் ஜப்பானியக் காகிதப் பட்டையைக் கோதுமை மாவுப் பசையால் ஒட்டித் தொங்கவிட வேண்டும். மற்ற மூன்று பக்கமும் சுதந்திரமாக இருக்கட்டும். பசை கடையிலேயே காய்ச்சியதாக இருக்க வேண்டும், தண்ணீர் தொட்டால் விட்டுவிடும் பசை. பிரிண்ட் புதிது என்றால் சட்டம் போடும் முன் சில நாள் காற்றாட வையுங்கள். மையில் உள்ள கரைப்பான் ஆவியாகாமல் உள்ளே அடைபட்டால் கண்ணாடியின் உட்புறம் மங்கலாகப் புகை படிந்தது போல் ஆகும்.

இதெல்லாம் உங்கள் கடைக்காரருக்குப் புதிதாக இருந்தால் பயப்பட வேண்டாம். கையில் வேலை சுத்தமாக உள்ள கடைக்காரர், சாமானை நீங்கள் வாங்கிக் கொடுத்தால் செய்து தருவார். "அதெல்லாம் தேவையில்லை மேடம்" என்று அடித்துப் பேசுகிறவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள்.

கண்ணாடி பற்றி. அப்பாவின் ஆறு படங்களுக்கும் 2 மில்லிமீட்டர் சாதாரணத் தெளிவுக் கண்ணாடி போதும் என்பது என் தீர்மானம். வெள்ளித் துகளால் ஆன உருவத்துக்கு வெளிச்சத்தைவிட ஈரமும் கெட்ட காற்றும்தான் எதிரி. ஒரு விஷயத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். படத்தின் பின்பக்கத்தைத் தொட்டால் சாதாரணக் காகிதம் போல இருக்கிறதா, வழவழவென்று பிளாஸ்டிக் போல இருக்கிறதா? எழுபதுகளில் பரவிய பிளாஸ்டிக் பூச்சுக் காகிதமாக இருந்தால் அதை அதிக வெளிச்சத்தில் சட்டத்துக்குள் வைப்பது நல்லதில்லை. அந்தக் காலத்துப் பூச்சில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு வெளிச்சம் பட்டு வேதிவினை செய்து, உருவத்தைச் சிவந்த புள்ளிகளாகவும் வெள்ளிப் பளபளப்பாகவும் கெடுக்கும். அப்படிப்பட்ட படத்தை உறையில் வைத்துவிட்டு நகலை மாட்டுங்கள். கறுப்பான இடங்களில் ஏற்கெனவே நீலம் கலந்த மினுமினுப்பு தெரிந்தால் துணியால் துடைக்காதீர்கள். அது அழுக்கில்லை, மேலே வந்து படிந்த வெள்ளி.

மகளின் வண்ணப் படத்துக்குத்தான் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் போட்டுச் செலவு செய்யலாம். அதற்கு இன்னொரு காரணம் எடை. சுற்றிலும் மூன்று அங்குல மவுண்ட் வைத்தால் வெளி அளவு 22க்கு 30 ஆகிவிடும். அந்த அளவுக்கு 3 மில்லிமீட்டர் கண்ணாடி மூன்று கிலோவுக்கு மேல் வரும், அதே தடிமன் அக்ரிலிக் ஒன்றரைக் கிலோ. கீழே விழுந்தால் கண்ணாடிச் சில்லு படத்தைக் கிழிக்கும், அக்ரிலிக் கிழிக்காது. கீறல் விழும் என்பதுதான் அதன் குறை. மைக்ரோஃபைபர் துணியால் மட்டும் துடையுங்கள், அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் வேண்டாம். ஒன்று சொல்லிவிடுகிறேன்: புற ஊதாவைத் தடுத்தாலும் சாதாரண வெளிச்சமும் நிறத்தை மெதுவாகத் தின்னும். வேகம் குறையும், நிற்காது.

"நான் கிளேர்" என்ற சொரசொரப்பான கண்ணாடியைச் சொல்வார்கள். படத்தோடு ஒட்டி வைத்தால்தான் அதில் தெளிவாகத் தெரியும். மவுண்ட் வைத்துக் கொஞ்சம் தள்ளினாலே பனிமூட்டம் போல் ஆகிவிடும். கண்ணாடியைப் படத்தில் ஒட்டவைக்கக் கூடாது என்று இவ்வளவு நேரம் சொன்னேனே, அதனால் உங்களுக்கு அது சேராது.

பட்டி விஷயத்தில் நான் கறாராக இல்லை. சிந்தெடிக் என்று விற்பது பாலிஸ்டைரீன். தண்ணீர் குடிக்காது, கரையான் வராது, எடை குறைவு. சிறிய படங்களுக்கு அதைத் தாராளமாகப் போடலாம், உள்ளே உள்ளவை சரியாக இருந்தால். பெரிய அளவில் அது வளையும், மூலை விட்டுக்கொள்ளும். 22க்கு 30க்கு மரமோ அலுமினியமோதான் வேண்டும். தேக்கு போட ஆசை என்றால் பழைய தேக்கு கேளுங்கள். இந்த ஊரில் பழைய கட்டடங்களை இடிக்கும்போது கதவு, உத்திரம் என்று பர்மா தேக்கு வருகிறது. பல பத்தாண்டு காய்ந்த மரம், இனி முறுக்காது. "தேக்கு ஃபினிஷ்" என்று சொன்னால் அது வேறு ஏதோ மரத்துக்குத் தேக்கு நிறம் அடித்தது. எந்த மரமானாலும், கண்ணாடி உட்காரும் உள்பள்ளத்தில் அலுமினிய டேப் ஒட்டச் சொல்லுங்கள், மரத்தின் ஆவி உள்ளே போகாது. அந்தப் பள்ளம் குறைந்தது அரை அங்குல ஆழம் இருக்கட்டும். கண்ணாடி, இரண்டு மவுண்ட், பின்தகடு எல்லாம் சேர்ந்தால் எட்டு முதல் பன்னிரண்டு மில்லிமீட்டர் ஆகிவிடும். மெலிந்த பட்டியில் இதை அடைக்க முடியாமல் கடைக்காரர் பின் மவுண்டைத்தான் முதலில் கழற்றி எறிவார். மூலையில் நகத்தை வைத்துத் தடவிப் பாருங்கள். இடுக்கு தட்டினால் அந்த வேலை வேண்டாம்.

அழகு பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அந்தக் காலத்துக் காகிதத்தின் வெண்மையில் லேசாகப் பாலேடு நிறம் கலந்திருக்கும். பளீர் வெள்ளை மவுண்ட் வைத்தால் படம் அழுக்காகத் தோன்றும். இளவெண்மையில் எடுங்கள். ஆறுக்கும் ஒரே வெளி அளவு, 18க்கு 21 என்று வைத்துக்கொண்டு, படத்துக்குத் தகுந்தபடி ஜன்னல் அளவை மட்டும் மாற்றுங்கள். முக்கால் அங்குலக் கறுப்புப் பட்டி, செதுக்கல் வேண்டாம். மீதி முப்பத்துச் சொச்சம் படங்களையும் பிற்பாடு அதே சட்டத்தில் மாற்றி மாற்றி வைக்கலாம். எனக்கு இந்த யோசனையில் இருக்கும் ஆசை அதுதான். ஒவ்வொரு பொங்கலுக்கும் அப்பாவின் வேறு ஆறு படங்கள் ஹாலில் இருக்கும்.

மேற்குச் சுவர் வேண்டாம் அம்மா. மாலை வெயிலுக்காக மட்டும் சொல்லவில்லை. மும்பையில் தென்மேற்குப் பருவக்காற்று மழையை நேராகக் கொண்டுவந்து அடிப்பது அந்தப் பக்கத்து வெளிச்சுவரில்தான். ஜூலையில் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருக்கும். பகலில் வெயில் சட்டத்தைச் சூடாக்கும்போது காகிதத்தில் உள்ள ஈரம் வெளியே வரும், ராத்திரி குளிர்ந்ததும் கண்ணாடியின் உட்புறத்தில் துளியாகப் படியும். வீட்டுக்குள்ளேயே இரண்டு அறைக்கு நடுவில் உள்ள சுவரைத் தேர்ந்தெடுங்கள். குளியலறையை ஒட்டிய சுவரும் ஏசி காற்று நேராகப் படும் சுவரும் ஆகாது. சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் ரப்பர் பொத்தான் ஒட்டினால் பின்னால் காற்று போகும். பல்லி வந்து முட்டை வைத்தால் துடைத்துக்கொள்ளலாம். மேற்குச் சுவருக்கு ஒரு கடிகாரமோ துணி ஓவியமோ பாருங்கள்.

உங்கள் அம்மா பொட்டு வைப்பதையும் மாலை போடுவதையும் நிறுத்தச் சொல்லாதீர்கள். என் வீட்டிலும் தாத்தா படத்துக்கு வெள்ளிக்கிழமை மாட்டுங்காவில் மல்லிகை வாங்கிப் போடாமல் இருந்ததில்லை. ஆனால் என்ன நடக்கிறது என்றால், ஈரச் சந்தனமும் மாலையில் இருந்து சொட்டும் தண்ணீரும் கண்ணாடி வழியாக இறங்கிக் கீழ்ப்பட்டியின் இடுக்கில் தேங்கும். அங்கிருந்து திரியில் எண்ணெய் ஏறுவது போல மவுண்டுக்குள்ளும் படத்துக்குள்ளும் ஏறும். பழைய தாத்தா பாட்டி படங்களில் கீழ் ஓரம் மட்டும் கறை படிந்து, ராமபாணப் பூச்சி அரித்திருப்பது இதனால்தான். அதற்கு ஜெலட்டினும் மாவுப் பசையும் பிடித்தமான தீனி. அதனால் பூஜைக்கு வைக்கும் அப்பா படம் நகலாக இருக்கட்டும். அசலை ஸ்கேன் செய்து, மகளின் படம் போட்ட இடத்திலேயே நல்ல காகிதத்தில் பிரிண்ட் எடுத்து, அதற்குச் சட்டம் போடுங்கள். மாலையைச் சட்டத்தின் மேல் சாத்தாமல், மேலே தனியாக இரண்டு கொக்கி அடித்து அதில் தொங்கவிட்டால் ஈரம் கண்ணாடியில் படாது. பொட்டைத் துடைக்கும்போது தண்ணீரைக் கண்ணாடியில் தெளிக்காமல் துணியில் நனைத்துத் துடைக்கலாம்.

இன்னும் ஒன்று. உங்கள் கடிதம் மழைக்காலத்தில் வந்திருக்கிறது. இப்போது சட்டம் போடக் கொடுக்காதீர்கள். மழை இந்த ஊருக்கு வழக்கமாக ஜூன் 11 வாக்கில் வந்து அக்டோபர் 8 வாக்கில்தான் விலகும். அதற்குள் கடையில் இருக்கும் அட்டையும் காகிதமும் ஈரத்தைக் குடித்திருக்கும். அதை வைத்துச் சட்டத்தை அடைத்தால் ஜூலை மாதத்தையே உள்ளே பூட்டி வைத்தது போல் ஆகும். டிசம்பரில் இருந்து பிப்ரவரிக்குள் ஒரு நாள் வையுங்கள். கண்ணாடி, மவுண்ட், படம், பின்தகடு நான்கையும் அடுக்கி, சுற்று ஓரத்தைப் பாலியெஸ்டர் டேப்பால் ஒரே பொட்டலமாக மூடி, பிறகு பட்டிக்குள் இறக்கச் சொல்லுங்கள். அந்த டேப் படத்தைத் தொடாது. அதன் பிறகு வரும் மழைக்காலத்து ஈரமும் பூச்சியும் உள்ளே நுழைவது கடினம்.

காசு கட்டுப்படி ஆகவில்லை என்றால் இந்த வருடம் மூன்று படம் மட்டும் போடுங்கள். ஏழு படங்களையும் ஒரேயடியாகப் போட வேண்டும் என்று உள்ளே உள்ள அட்டையில் குறைக்க வேண்டாம். பட்டியில் எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளுங்கள், அதைப் பத்து வருடம் கழித்தும் மாற்றலாம்.

டிசம்பர் வரை இருக்கும் நேரத்தில் ஒரு வேலை இருக்கிறது. நாற்பது படங்களையும் அம்மா முன்னால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, யார், எந்த இடம், எந்த வருடம் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சட்டம் போடும்போது அந்தக் குறிப்பைப் பின் மவுண்டின் முதுகில் மெல்லிய பென்சிலால் எழுதலாம். பால்பாயிண்ட் வேண்டாம், படத்தின் முதுகில் எதுவும் எழுத வேண்டாம். அப்பா எழுதி வைத்தது ஏதாவது ஏற்கெனவே இருந்தால் அதையும் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள், சட்டத்துக்குள் போன பிறகு அது தெரியாது.